தறிக்கடியில் சிரித்தவன்

நீதிபதி ஐயா, வேலை நாட்களில் வயிறு முட்டச் சாப்பிடும் பழக்கம் எனக்கு இல்லை. குனிந்து நெய்கிறவனுக்குத் தொப்பை ஆகாது. ஆனால் அன்று மதுரீன் கொடுத்தனுப்பிய கஷ்கொட்டைக் கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்தேன். அவ்வளவு குஷி. டயானாவின் முகத்தை அன்றுதான் முடித்திருந்தேன்.

சுவரில் தொங்கும் சித்திரச் சீலை நெய்கிற எங்கள் ஒபுசோன் ஊரில் இலைக்கு ஓர் ஆள், உடுப்பு மடிப்புக்கு ஓர் ஆள், முகத்துக்கு ஓர் ஆள். முகத்துக்கு நான். ஓடையில் குளிக்கும் டயானா தேவி, அவளைப் பார்த்துவிட்டதால் மானாக மாறித் தன் நாய்களிடமே கடிபட்டுச் சாகும் வேட்டைக்காரன்: இதுதான் சீலையில் வரவேண்டிய சித்திரம். நாங்கள் பின்பக்கமாக நெய்கிறவர்கள். முன்பக்கம் தரையைப் பார்த்துக் கிடக்கும். எல்லாம் முடிந்து, ஊரைக் கூட்டிப் பாவு நூலை அறுத்து இறக்கும் நாளில்தான் முழுசாகக் கண்ணில் படும். அந்தத் தைரியத்தில், மாதிரிப் படத்தில் இருந்த முகத்தை விட்டுவிட்டு மதுரீன் முகத்தை நெய்தேன். நான்கு மாதம். அவ்வப்போது கைக்கண்ணாடியை அடியில் நுழைத்துத் துண்டு துண்டாகப் பார்ப்பேன். கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் அவள்தான்.

மதுரீன் எங்கள் மேஸ்திரி மர்சியாலின் மனைவி. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். ஊர் வாயை அடைக்கத்தான் அப்படிக் கூப்பிடுகிறாள் என்பது எனக்குப் புரியாதா?

அன்று மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் மர்சியால் தறிக்கடியில் நுழைந்து மல்லாந்து படுத்தான்.

"மூஞ்சி கோணலா இருந்துச்சுன்னா, மொத்தத்தையும் பிரிக்கச் சொல்லிருவேன், பாத்துக்க" என்றான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். மூச்சு வாங்கச் சிரித்தான். "டேய், இது யாருன்னு உனக்கே தெரியலையாடா? இது..."

மேற்கொண்டு பேச நான் விடவில்லை. பெண்டாட்டியை அடையாளம் கண்டுவிட்டான். என் நான்கு மாதத்தையும் பிரித்துப் போடுவான். அவன் தலைக்கு மேலே தறி உருளையைத் தாங்கியிருந்த முளையை உருவினேன். கருவாலி மர உருளை, இரண்டு ஆள் கனம், அவன் மேல் இறங்கியது. நான் நெய்த முகத்தில் ஓர் இழைகூட அறவில்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன். முளை தேய்ந்துபோயிருந்தது என்றார்கள் எல்லோரும். சவ அடக்கத்தில் நான் நன்றாகவே அழுதேன்.

மூன்று மாதம் கழித்து, நேற்று, சீலையை இறக்கினோம். பிடில் வாசித்தார்கள், குடம் குடமாகத் திராட்சை மது. கத்தரிக்கோலை மதுரீன் கையில் நானே கொடுத்தேன். கடைசி நூல் அறுந்து சீலையைத் திருப்பியதும் கூட்டம் நெருக்கியடித்து முன்னால் வந்தது. பிறகு கொல்லென்று சிரித்தது. புருஷன் போனபின் முதல்முறையாக மதுரீனும் சிரித்தாள்.

"அண்ணே, பொம்பள வேஷம் உங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. அதே மூக்கு, அதே தாடை. அவரு மட்டும் இதப் பாத்திருந்தா உருண்டு உருண்டு சிரிச்சிருப்பாரு."

எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "சிரிச்சாரு, மதுரீன்" என்றேன். "சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் முளைய உருவுனேன்."

இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை, ஐயா. நீங்கள் நெய்யச் சொன்ன சீலை இதோ உங்கள் சுவரில்தான் தொங்குகிறது. என்னையும் அதையும் மாறி மாறிப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதை மட்டும் பாருங்கள். மதுரீன்தானே?