ரூர்டின் பன்னிரண்டு சொற்கள்

போனில் பிட்காயின் வைத்திருக்கிற வாலட் செயலி திறக்கவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் செயலியைப் புதுப்பித்தாலே போதும். பழைய பதிப்பில் சில நேரம் இருப்பு பூஜ்யம் என்று காட்டும். பணமெல்லாம் போய்விட்டது என்று அவர்கள் நினைத்து, முகம் வெளுத்து, கையில் போனைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். நான் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வேன். பத்து நிமிடத்தில் பணம் திரும்பத் தெரியும். சிலர் அழுதிருக்கிறார்கள். பாவ்க்கே என்ற அம்மாள் ஒருமுறை என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். நான் செய்தது ஒரு பொத்தானை அழுத்தியது மட்டும்தான்.

ஹார்லிங்கனில் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருக்கிற சமூகக் கூடத்தில், புதன்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இந்த வேலையைச் செய்துவந்தேன். சம்பளம் கிடையாது. முப்பத்தொரு வருடம் ஒரு வங்கிக் கிளையின் கவுன்டரில் இருந்தவன் நான். கிளையை மூடிவிட்டார்கள். வீட்டில் எனக்கென்று யாருமில்லை. ஒரு வருடம் சும்மா இருந்து பார்த்தேன்; முடியவில்லை. எனக்காக யாராவது காத்திருக்க வேண்டும். அது பெரிய ஆசை என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் கேட்டது ரூர்டின் வாலட்டைப் பற்றி. வரிசையாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்கிற போலீஸ்காரர் மெதுவாகவே எழுதட்டும், எனக்கு அவசரமில்லை.

ரூர்ட் இறால் பிடிக்கிறவர். ஆறு வருடம் முன்பு அண்ணனோடு சேர்ந்து வைத்திருந்த படகில் தன் பங்கை விற்று, அந்தப் பணத்தில் பிட்காயின் வாங்கியிருந்தார். அதை எப்படிப் பத்திரமாக வைப்பது என்று கேட்டு என் மேசைக்கு வந்தார். உள்ளே வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"என்னய்யா ஹில்கே, பேங்க மூடிட்டாங்க, நீ மட்டும் கவுன்டரத் தூக்கிட்டு இங்க வந்துட்டியா?"

நானும் சிரித்தேன். பிறகு புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். காசு போனுக்குள் இல்லை. போன் தொலைந்தாலும் உடைந்தாலும் கவலையில்லை. வாலட்டைத் தொடங்கும்போது அது பன்னிரண்டு சொற்களைத் தரும். எல்லாம் சாதாரணச் சொற்கள், இரண்டாயிரத்துச் சொச்சம் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எடுத்தவை. அந்தப் பன்னிரண்டும் வரிசை மாறாமல் இருந்தால் எந்தப் போனிலும் மீட்டுவிடலாம். அவை இல்லையென்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தாளில் எழுதி வையுங்கள் என்றேன்.

"தாளெல்லாம் எதுக்கு? கடல்ல எங்க மணல்திட்டு இருக்கு, எங்க ஆழம்னு நாப்பது வருஷமா எல்லாம் இங்கதான் இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

நான் வற்புறுத்தினேன். அவர் கேட்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எச்சரித்தேன்.

போன செப்டம்பரில் படகுத்துறையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ரூர்ட் விழுந்தார். மூளைத்தண்டில் பக்கவாதம். போன் தண்ணீருக்குள் போயிற்று. உயிர் தப்பினார், ஆனால் பேச்சு இல்லை, உடலும் இல்லை. கண் அசையும். இடது கையின் கட்டைவிரல் அசையும். மருத்துவர் அவர் மனைவி நீன்கேவிடம் சொன்னது இது: உள்ளே அறிவு தெளிவாகவே இருக்கிறது, முதல் வருடம்தான் முக்கியம், திரும்பக் கூடியது அந்த வருடத்தில்தான் திரும்பும். ஜெர்மனியில் அதற்கென்றே ஒரு மருத்துவமனை இருந்தது. காப்பீடு அந்தச் செலவை ஏற்காது.

நவம்பரில் நீன்கே என் மேசைக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அவருக்கு அந்தச் சொல்லெல்லாம் ஞாபகம் இருக்கு ஹில்கே. எனக்குத் தெரியும். ஆனா எப்படி வெளிய எடுக்கறது? நீங்கதான் ஏதாவது வழி சொல்லணும். பணம் கைக்கு வந்த அன்னிக்கே ஜெர்மனிக்குக் கிளம்பிடுவோம். வீட்டையும் வித்துடுவோம்."

வழியைக் கண்டுபிடித்தது நான்தான். பட்டியலைப் பெரிய எழுத்தில் பதினாறு பக்கமாக அச்சிட்டேன். ஒவ்வொரு பக்கமாகக் காட்டி, இதில் இருக்கிறதா என்று கேட்பேன். இருந்தால் ரூர்ட் கட்டைவிரலைத் தூக்குவார். பிறகு எந்த வரிசை. பிறகு எந்தச் சொல். சீக்கிரம் களைத்துப்போவார்; ஒரு புதன்கிழமைக்கு ஒரு சொல், சில நாள் இரண்டு. சொற்களை என் நோட்டில் மட்டும் குறித்துவந்தேன்; எத்தனை ஆயிற்று என்று நீன்கே கேட்டதில்லை. கூடத்தைப் பூட்டிவிட்டுப் பன்னிரண்டரைக்கு அவர்கள் வீட்டுக்குப் போவேன். நான் ரூர்டோடு முன்னறையில் உட்கார்ந்திருக்க, நீன்கே சமையலறையில் பட்டாணி சூப் வைப்பாள். பிறகு ரை தானிய ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் வைத்து மூன்று பேரும் ஒரே மேசையில் உட்காருவோம். எனக்கென்று ஒரு கிண்ணம் ஒதுக்கியிருந்தாள். அவளை நான் ஒருபோதும் தொட்டதில்லை. அப்படி எதையும் நீங்கள் நினைக்கக் கூடாது.

ஜனவரி கடைசிப் புதன்கிழமை பன்னிரண்டாவது சொல் கிடைத்தது. மடிக்கணினியில் பன்னிரண்டையும் அடித்துப் பார்த்தேன். வாலட் திறந்தது. ரூர்ட் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் வெளிச்சம் மாறியதை என் மூக்குக்கண்ணாடியில் கண்டிருப்பார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்போது நீன்கே சூப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள்.

"இதுவரைக்கும் எத்தன ஆச்சு?"

"ஒம்பது வரைக்கும் வந்திருக்கோம்" என்றேன்.

அதை நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. இன்னும் மூன்று புதன்கிழமை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். மூன்று வாரத்தில் ஒன்றும் கெட்டுவிடாது. அந்த வீட்டில் என்னைவிட நிதானமாக யோசிக்கக் கூடியவர் யாருமில்லை என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பதற்றத்தில் இருப்பவர்கள் கையில் திடீரென்று பெரிய தொகை வந்தால் என்ன செய்வார்கள் என்று முப்பத்தொரு வருடம் பார்த்தவன் நான்.

ரூர்டின் கட்டைவிரல் நாற்காலிக் கைப்பிடியில் அடிக்க ஆரம்பித்தது. டொக், டொக் என்று நிற்காமல்.

"என்ன சொல்றாரு?" என்றாள் நீன்கே.

"களைப்பா இருக்கும்."

அடுத்த வாரமும் அடித்தார். அதற்கடுத்த வாரமும் அடித்தார். மூன்று வாரம் ஆறு வாரமாயிற்று. நான் உள்ளே நுழைந்ததும் தொடங்கும், கிளம்பும்வரை நிற்காது. நீன்கே என் முகத்தையும் அந்த விரலையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு மனிதனின் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் என்னைப் பார்த்து ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறார், என்ன சொல்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். அதை நீங்கள் அனுபவித்திருக்க மாட்டீர்கள்.

அதனால் மார்ச்சில் ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம் என்றேன். நியாயமான யோசனை என்று நீன்கேவும் ஒத்துக்கொண்டாள். முதலில் ஒன்றரை மணி நேரம் பட்டியலைக் காட்டி ரூர்டைக் களைக்க வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன்.

"உங்க பேரு ரூர்டா?"

விரல் எழுந்தது.

"உங்க பேரு பீட்டரா?"

விரல் எழுந்தது. அவர் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. நீன்கே அருகில் நிற்கிறாள், அவள் கவனத்தைப் பிடித்தாக வேண்டும் என்று அடித்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும்.

"இது ஆம்ஸ்டர்டாமா?"

எழுந்தது.

"உங்களுக்கு மூணு மகளா?"

எழுந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை.

"பாத்தீங்களா நீன்கே, எல்லாத்துக்கும் ஆமான்னுதான் வருது. நரம்பு தானா துடிக்குது. அவரு சொல்றதில்ல இது."

"அப்ப இத்தன நாளா நாம எடுத்த சொல்லு?"

"அதையும் இனிமே நம்ப முடியாது."

நீன்கே ரூர்டின் கையைப் பிடித்துக் கைப்பிடியிலிருந்து எடுத்து, மெதுவாக அவர் மடியில் கம்பளிக்குக் கீழே வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. ரூர்ட் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பளிக்குக் கீழே ஏதோ அசைந்தது, பிறகு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வீடு அமைதியாக இருந்தது. நான் புதன்கிழமைதோறும் போனேன். கிடைத்த சொற்களை வைத்துக் கணினியில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னேன். நீன்கே நம்பினாள். என்னை நம்பாத ஒருவரும் இந்த ஊரில் இல்லை. அந்தப் பணத்தில் நான் ஒரு துளியும் தொடவில்லை. இப்போதே பார்க்கலாம், முழுதாக அங்கேயே இருக்கிறது.

மே மாதம் மாரித் என்ற பேச்சுப் பயிற்சியாளரை அனுப்புவதாக நீன்கேவுக்குக் கடிதம் வந்தது. அவர் கண்ணாடிப் பலகையில் எழுத்துகளைப் பொறித்துக் கொண்டுவருவாராம். நோயாளி எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்று மறுபக்கம் இருந்து படிப்பாராம். விரல் வேண்டாம். வியாழக்கிழமை வருவதாக எழுதியிருந்தது. நீன்கே அந்தக் கடிதத்தை மூன்று தடவை எனக்குப் படித்துக் காட்டினாள்.

"அவரு ஒரு வார்த்த சொன்னாக்கூடப் போதும் ஹில்கே. என்ன திட்டினாக்கூடப் பரவால்ல."

அதற்கு முந்தின நாள் புதன்கிழமை. நீன்கே மருந்துக் கடைக்குப் போனாள். இருபது நிமிடம். நானும் ரூர்டும் மட்டும் இருந்தோம்.

விழுங்கும் தசை பலவீனமாக இருந்ததால் அவருக்குத் தண்ணீர்கூடப் பொடி கலந்து கூழ்போலக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். நீர்த்த பானம் நுரையீரலுக்குள் போய்விடும். செவிலியர் இதை எழுதிக் காபி இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருந்தார். முப்பது தடவையாவது அதைப் படித்திருப்பேன். பொடி டப்பா அதன் பக்கத்திலேயே இருந்தது. நான் ஒரு கோப்பை காபி போட்டேன். பொடி கலக்கவில்லை.

முதலில் அவர் வாயைத் திறக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"நாளைக்கு மாரித் வராங்க. நீங்க எல்லாத்தையும் சொல்லப் போறீங்க. நான் தடுக்கப் போறதில்ல. அதுக்குள்ள நல்ல காபி ஒண்ணு குடிங்க ரூர்ட். எட்டு மாசமாச்சே."

அவர் கோப்பையைப் பார்த்தார். ஆவி வந்துகொண்டிருந்தது. கெட்டியாக இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து வாயைத் திறந்தார். ஏன் திறந்தார் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். என்னை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

பாதிக் கோப்பை உள்ளே போயிற்று. இருமினார், ஆனால் சத்தமாக இரும அவருக்குத் தெம்பு இல்லை. முகவாயைத் துடைத்துவிட்டேன். கோப்பையைக் கழுவி அலமாரியில் வைத்தேன். நீன்கே திரும்பி வந்தபோது, தூங்குகிறார் என்றேன்.

காலையில் காய்ச்சல். மாரித் வருவதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. லேவார்டன் மருத்துவமனையில் நிமோனியா என்றார்கள். மாரித் சனிக்கிழமை பலகையோடு அங்கே போய், படுக்கைக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். ரூர்ட் திங்கள்கிழமை இறந்துபோனார். அவர் கண்ணால் சொன்னதை மாரித் எழுதிய தாள்தான் இப்போது உங்கள் கைக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கிறது. அதில் காபி என்று இருக்கும். என் பெயர் இருக்கும். நீங்கள் படித்துக் காட்டிய பிறகு ஒத்துக்கொள்வதைவிட நானே சொல்வது மரியாதை என்று நினைத்தேன்.

ஆம், தெரிந்தேதான் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டார்?

"நான் காபியப் பத்தி உங்ககிட்ட ஒண்ணுமே கேக்கலையே, மிஸ்டர் ஹில்கே."

சரி. தாளைத் திருப்புங்கள்.

நான்கு சொற்கள் இருக்கின்றன. நங்கூரம், ஏணி, குளிர்காலம், சால்மன். கீழே, நீன்கேவுக்கு என்று இருக்கிறது. வேறொன்றும் இல்லை. ஒரு சொல்லுக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். என் பெயரை எழுத அவருக்கு நேரம் இருந்திருக்கும். எழுதவில்லை.

ஆறு மாதமாகக் கிடைக்காத சொற்கள் இரண்டு மணி நேரத்தில் எப்படிக் கிடைத்தன என்று நீன்கே உங்களிடம் வந்து கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. புரிகிறது.

நான்கும் சரிதான். வரிசையும் சரி. ஆனால் நான்கை மட்டும் வைத்துக்கொண்டு அவளால் ஒன்றும் செய்ய முடியாது. மீதி எட்டும் என்னிடம் இருக்கின்றன, நான் தருகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளைத் தனியாகச் செய்ய விடாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் அவசரத்தில் ஏதாவது போலித் தளத்தில் சொற்களை அடித்துவிடுவார்கள்; பிறகு யாராலும் காப்பாற்ற முடியாது. அவளை இங்கே வரச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.