கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து தலைமை தாங்கும் மளிகைக்கடை அண்ணாச்சி தவசிமுத்து அவர்களே, சடையங்குப்பத்துப் பெரியோர்களே, கைக்குழந்தையோடு கால்கடுக்க நிற்கும் தாய்மார்களே, தோள்கொடுக்கும் தோழர்களே, நலச்சங்கச் செயலாளன் செங்குட்டுவனின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்.

ஆங்கிலத்தில் பிறந்து நம் வாயில் வளர்ந்த சொல் ஒன்று உண்டு. அட்ஜஸ்ட். மணலி பஸ்ஸில் மூவர் சீட்டில் நான்காவது ஆளாக நுழைய அந்தச் சொல். பந்தியில் பாயசம் தீர்ந்தால் அந்தச் சொல். தண்ணி லாரி வராத நாளில் அரைக்குடத்துக்கு அந்தச் சொல். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மகன் வாயிலும் அந்தச் சொல். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கெமிக்கல் கம்பெனியில் புதன்தோறும் பத்து மணிக்குச் சோதனைச் சங்கு ஊதுவார்கள். அதைக் கேட்டு நாம் உலை வைக்கப் பழகினோம். போன மாதம் ஒரு புதன், பத்து மணிக்கு ஊதிய சங்கு நிற்கவே இல்லை. ஓடினோமா? ஒதுங்கினோமா? அரிசி களைந்தோம் ஐயா, அரிசி களைந்தோம். அன்று கம்பெனி டேங்கிலிருந்து கசிந்தது அமோனியா வாயு. குப்பம்மாவின் மகள் மகிழினி வாசலில் மூச்சுத்திணறி விழுந்த பிறகுதான் ஓடினோம்.

அதற்கு முந்தைய வாரமே குப்பம்மா என்னிடம் வந்தார். "அண்ணே, நாத்தம் தாங்கல. புள்ள இருமிகினே கீது. கம்பெனில போய் இன்னான்னு கேளு." நான் என்ன சொன்னேன்? "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." கம்பெனிக்காரன் சொல்லவில்லை. நான் சொன்னேன். வெட்கத்தோடு சொல்கிறேன், நான் சொன்னேன்.

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், "இப்ப அழுது இன்னா நைனா ஆவப்போது?" என்று. நியாயமான கேள்வி.

நாளைக் காலை கம்பெனி அதிகாரிகள் வருகிறார்கள். அதே இடத்தில் இரண்டாவது டேங்க் வைக்க நம் சம்மதம் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை மகிழினி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறாள். இன்னொரு கசிவை அவள் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளை அவர்கள் அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே நீட்டும்போது என்ன சொல்லப் போகிறோம்? தலையாட்டுவோமா? தரை பார்ப்போமா?

முன்வரிசையில் குப்பம்மா எழுந்து நிற்கிறார். சொல்லும்மா.

"முடியாதுன்னு சொல்லுவோம்ணே."

கேட்டதா? அதுதான் நம் தீர்மானம். நாளை ஒன்பது மணிக்கு எல்லோரும் மதிலருகே வந்து நில்லுங்கள். இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கு நன்றி.

கடைசியாக ஒன்று. பெஞ்சில் இருக்கும் தம்பிகளே, நிற்கிற தாய்மார்களுக்குக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி இடம் விடுங்கள். அந்தச் சொல்லுக்கு அந்த இடம் போதும். வணக்கம்.