கேட்கிற கம்பி, பேசுகிற கம்பி

மத்தியானம் இரண்டு மணி. ஆமத்தூர் விலக்கிலிருந்து ஊருக்குள் போகிற ரோடு. ஈ காக்கை கிடையாது. தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடக்கும்...

என்ன சிரிப்பு? பேய்க் கதை என்றால் நடுராத்திரியில்தான் ஆரம்பிக்க வேண்டுமா? ராத்திரி வருவதற்குப் பயந்தால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். உச்சிப்பொழுதில் வருவதற்கு எதைப் போடுவாய்? ஏலே புகழேந்தி, அந்த செல்போன் லைட்டை அணை. கரண்ட் வரும்போது வரட்டும், மெஷின் ஓடும்போது ஓடட்டும். காலண்டர் கட்டு மேலே எல்லோரும் நெருக்கி உட்காருங்கள். பிரீத்திகா, நீ ஷட்டர் ஓரமாக உட்காராதே, உள்ளே வா. நடுவில் யாராவது 'அப்புறம், அப்புறம்' என்று நச்சரித்தால் நான் பாட்டுக்குத் துண்டை விரித்துப் படுத்துவிடுவேன். இந்தக் கற்பகவல்லி குணம் உங்களுக்குத் தெரியும்.

இது என் சிநேகிதி யாஸ்மினுடைய அண்ணனுக்கு நடந்தது. பெயர் முஹ்சின். நம் கட்டிங் மெஷினுக்கு லேப்டாப் மாட்டிக் கொடுத்தாரே, அதே பாய்தான். மெஷின் பழசு. லேப்டாப் புதுசு. பழைய ஒயர் நுழைய புதுசில் ஓட்டையே கிடையாது. பாய் நடுவில் ஒரு சின்ன டப்பாவும் ஒயரும் போட்டு இரண்டையும் பேச வைத்துவிடுவார். சிவகாசியில் பாதிப் பிரஸ்ஸுக்கு அவர்தான் ஆள்.

அந்த ஒயருக்குள் இரண்டு கம்பி முக்கியம். ஒன்று கேட்பதற்கு. இன்னொன்று பேசுவதற்கு. மெஷின் சொல்வதை லேப்டாப் கேட்க ஒன்று, லேப்டாப் சொல்வதை மெஷின் கேட்க ஒன்று. நம் மெஷினுக்கு இரண்டும் வேண்டும். 'இந்த அளவில் வெட்டு' என்று நாம் சொன்னால்தானே அது வெட்டும்? இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வைகாசி. மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில் கிடக்கும். அப்போது வேம்பாரிலிருந்து ஒருவர் பாயைத் தேடி ஆமத்தூருக்கு வந்தார். கஸ்பார் என்று பெயர், போட் ஓனர். ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் துணியில் சுற்றிய ஒரு பெட்டி. கடலில் வழி காட்டுகிற பழைய ஜி.பி.எஸ். பெட்டி. டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். எல்லாப் பட்டனும் தேய்ந்து எழுத்தே தெரியாது... ஒரே ஒரு பட்டன் மட்டும் கை படாமல் புத்தம் புதுசாக இருந்ததாம்.

"தூத்துக்குடியில எல்லாக் கடையிலயும் புதுசு வாங்குன்னுட்டாக பாய். இதுக்குள்ள என் தம்பி போட்டு வச்ச மீன் பாயிண்ட் அம்புட்டும் இருக்கு. அது லேப்டாப்புல தெரிஞ்சாப் போதும்."

"தம்பியக் கேட்டா எழுதித் தர மாட்டாகளா?"

"அவன்தான் போட்டுக்கு டிரைவரு. ஒரு ராத்திரி போட்டு வந்துச்சு. அவன் வரல."

 உடம்பும் கிடைக்கவில்லையாம். கஸ்பார் எழுந்து வாசல் வரைக்கும் போனவர், திரும்பி வந்து சொன்னார்:

"பெட்டி சொல்றத லேப்டாப் கேட்டாப் போதும். நம்ம அதுக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், கேட்டீகளா பாய்?"

சரி சரி என்று பாய் தலையாட்டி வைத்தார். வேலையில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள்.

பாய்க்கு முன்னால் கடை, பின்னால் வீடு. நடுவில் ஒரு கதவு. வீட்டுக்குப் பின்வாசல் திறந்தால் கரிசல் காடு. உள்ளே யாஸ்மினுடைய மதினி பர்ஹத்தும் கைப்பிள்ளையும் மட்டும். கல்யாணமாகி வெகு காலம் தர்காவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்து பெற்ற பிள்ளை. அது தும்மினால் கடையை மூடிவிட்டு ஓடிவருகிற மனிதர் அவர்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடித்து, சாப்பிட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே உப்புப் பூத்திருந்தது. துடைத்தார். ஒயரை எடுத்துப் பற்றவைத்தார்... கேட்கிற கம்பி. கூடவே பேசுகிற கம்பி.

வேணுமென்று செய்யவில்லை. கை பழகின வேலை. வருஷக்கணக்காகப் பிரஸ் மெஷினுக்கு இரண்டையும் சேர்த்தே போட்ட கை. கடல்காரனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நம்மூர்க்காரன்தான் இந்தத் தப்பைச் செய்வான்.

லேப்டாப்பில் கடல் படம் விரிந்தது. கடல் நீலம், தரை மஞ்சள். நீலத்துக்கு நடுவே குட்டியாக ஒரு போட் பொம்மை. பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அந்தப் பொம்மை நிற்க வேண்டும். பெட்டி இருப்பது ஆமத்தூரில், மேஜை மேலே. பொம்மை நிற்பதோ நடுக்கடலில். கடைசியாக அணைத்த இடத்தைக் காட்டுகிறது போல என்று பாய் நினைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒயர் போட்டால் ட்ரையல் பார்க்காமல் பாய் விடமாட்டார். நம் மெஷினில் முதலில் ஒரு சதுரம் வெட்டச் சொல்லிப் பார்த்தாரே, அதுபோல. பெட்டிக்கு என்ன ட்ரையல் சொல்வது? 'இங்கே போ' என்று ஓர் இடத்தைச் சொல்லலாம். கைக்குக் கிடைத்த இடத்தைச் சொன்னார். செல்போனில் பார்த்துத் தன் வீடு இருக்கும் இடத்தைக் கொடுத்தார். லேப்டாப் அந்த இடத்துக்குப் பெயர் கேட்டது. இங்கிலீஷ் எழுத்தில் 'வீடு' என்று அடித்து அனுப்பினார்.

பெட்டி ஒரு முறை சத்தம் கொடுத்தது. கீ...ங்.

பெட்டியின் திரையில் வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று ஓர் எண் வந்தது. அது குறைந்தது. இன்னும் குறைந்தது.

பாய் லேப்டாப்பைப் பார்த்தார். பொம்மை நகர்ந்துகொண்டிருந்தது. பெட்டி மேஜையில் அசையாமல் இருக்கிறது. பொம்மை கரையைப் பார்த்து வருகிறது. பெட்டி கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முதலில் சிரித்தாராம். பொம்மை கரையைத் தொட்டது. கடல் படத்தில் கரைக்கு அப்பால் ஒன்றும் போட்டிருக்காது. ஊர் இல்லை, ரோடு இல்லை, வெறும் மஞ்சள். அந்த மஞ்சளுக்குள் போட் ஏறியது. ஏறியதும் வேகம் பிடித்தது.

செல்போன் மேப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வேம்பார். அப்புறம் நாகலாபுரத்துப் பக்கம். ரோட்டோடு வரவில்லை. காட்டுக்குள்ளே, கம்மாய்க்குள்ளே, நூல் பிடித்த மாதிரி நேராக.

இப்போது நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அதே வெள்ளிக்கிழமை நான் இருக்கன்குடியில் இருந்தேன். கோயிலுக்குப் போய்விட்டு ஆற்று மணலில் வந்துகொண்டிருந்தோம், நானும் கருப்பம்மாள் அத்தையும். ஆற்றில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. மணல் காலைப் பொசுக்கியது. திடீரென்று மீன் கவிச்சி. கூடவே டீசல் வாடை. என்னை ஒட்டி ஏதோ சில்லென்று போனது. கீழே பார்த்தால், மணலில் ஒரு முழ அகலத்துக்கு ஈரம். இக்கரையிலிருந்து அக்கரைக்கு, நேர்கோடாக.

"யாரு இப்படிக் குடத்தச் சிந்திக்கிட்டுப் போறா?" என்று அத்தை கேட்டாள்.

யாரும் போகவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. வெயில் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே கடையில் பாய் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒயரைப் பிடுங்கினார். லேப்டாப் படம் நின்றுவிட்டது. பெட்டி நிற்கவில்லை. எண் குறைந்துகொண்டே வந்தது. பெட்டியின் கரண்டைப் பிடுங்கினார். உள்ளே பேட்டரி கிடையாது, அவரே திறந்து பார்த்த பெட்டி. திரை அணையவில்லை. எண் குறைந்தது. பாய் கஸ்பாருக்குப் போன் போட்டார்.

விஷயத்தைச் சொன்னார். கஸ்பார் மெதுவாகக் கேட்டார்.

"பேசுற கம்பியும் போட்டீகளோ?"

"ஆமா."

"எந்த இடத்தச் சொன்னீக?"

"எங்க வீட்ட."

கஸ்பார் அழுதாராம். "அவன் போன நாள்லருந்து அந்தப் பெட்டி ராத்திரி ராத்திரி தானா முழிக்கும் பாய். 'எங்க போகணும்?'னு கேக்கும். ஒரு பட்டன அமுக்கினா இடத்தச் சொல்லிரலாம். நாங்க ஒருத்தரும் அதத் தொட்டதில்ல."

அந்தப் புதுசாக இருந்த பட்டன்... இப்போது விளங்குகிறதா?

"இத முன்னாலயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? வீட்டுல பச்சப்பிள்ள கிடக்குய்யா."

"சொன்னா வேலையத் தொடுவீகளா?"

பாய் கெஞ்சினார். "உங்க வீடு இருக்க இடத்தச் சொல்லுங்க. நான் மாத்தி அனுப்பிருதேன். அது உங்க தம்பி, அவுக வீட்டுக்கு வரட்டும்."

 கஸ்பார் சொன்னார்: "இங்கன அவன் பொண்டாட்டி இருக்கா. நாலு வயசுப் பொம்பளப்பிள்ள இருக்கு. வேண்டாம் பாய்... அவன் விழுந்த எடத்தையே குடுத்துருங்க."

கூடப் பிறந்தவனையே 'வீட்டுக்கு வராதே' என்கிறான். பாவம், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பிள்ளை இருக்கிற வீடு. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

விழுந்த இடத்தைக் குறிக்கிற எண், ராத்திரி ராத்திரி அந்தப் பெட்டித் திரையில் பார்த்துப் பார்த்து கஸ்பாருக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல, பாய் ஒயரைத் திரும்ப மாட்டினார். சொல்ல வேண்டுமென்றால் பேசுகிற கம்பி வேண்டுமே. இரண்டு தடவை தப்பாக அடித்தார். அதற்குள் கடைக்குள்ளே கவிச்சி வந்துவிட்டது. உப்பும் டீசலும் அழுகின வலையும். பாய் எழுந்து கடை ஷட்டரை இழுத்துச் சாத்தினார். ஷட்டரில் முதுகை வைத்து நின்றுகொண்டு, லேப்டாப்பைக் கையில் ஏந்தியபடியே அடித்தார். வருவது அந்த வழியாகத்தான் வர வேண்டும், தன்னைத் தாண்டித்தான் பிள்ளையிடம் போக வேண்டும் என்று நினைத்தார்.

பெட்டி நீளமாகச் சத்தம் போட்டது. கீ.....ங். நிற்கவே இல்லை.

வந்து சேர்ந்தால்தான் அது அப்படிச் சத்தம் போடும்.

பாய் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு எண் ஏற ஆரம்பித்தது. பொம்மை மஞ்சளில் திரும்பி, வந்த வழியே கடலைப் பார்த்துப் போனது. கவிச்சியும் அடங்கியது. தூரத்தில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாய் அப்படியே தரையில் உட்கார்ந்து அல்லாவுக்கு நன்றி சொன்னார். சட்டையெல்லாம் வேர்வை.

எழுந்து நடுக் கதவைத் திறந்து வீட்டுக்குள் போனார். பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பர்ஹத் பின்வாசலில் ஒரு செம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஷட்டர இந்நேரத்துல எதுக்குச் சாத்துனீக?"

"ஒண்ணுமில்ல. யாரும் வந்தாகளா?"

"இப்பத்தான் பின்வாசல்ல ஒருத்தவுக வந்தாக. சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு இருந்துச்சு. எங்க மழைன்னு கேட்டேன், பேசல. குடிக்கத் தண்ணி கேட்டாக. வெயிலுக்குத் தண்ணின்னு கேட்டவுகளுக்கு இல்லேன்னு சொல்லலாமா? செம்போட குடுத்தேன். நல்லாக் குடிச்சாக."

பாய் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "அப்புறம்?"

"'இதான் வீடா?'ன்னு கேட்டாக. ஆமான்னேன். தொட்டில எட்டிப் பார்த்துக்கிட்டே நின்னாக. அப்புறம் யாரோ கூப்பிட்ட மாதிரித் திரும்புனாக. 'வேல இருக்கு, போயிட்டு வாறேன் தாயி'ன்னு சொல்லிட்டுப் போனாக. நல்ல மனுசனாத்தான் தெரிஞ்சாக. நானும் 'வாங்க'ன்னு சொல்லி அனுப்புனேன்."

பாய் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினார். உடம்பு சூடாக இருந்தது, மூச்சு ஒழுங்காக வந்தது. நெஞ்சோடு சேர்த்துக் கன்னத்தில் முத்தம் வைத்தார். உதட்டில் உப்புக் கரித்தது.

மறுநாளே பெட்டியைக் கொண்டுபோய் வேம்பாரில் கஸ்பார் கையில் கொடுத்துவிட்டு வந்தார். கஸ்பார் அதைக் கடலில் போட்டுவிட்டாராம். அந்த வாரமே பாயும் குடும்பமும் வீட்டைக் காலி செய்துவிட்டு சூலக்கரைப் பக்கம் வந்துவிட்டார்கள். புது வீட்டுக்குப் பின்வாசலே கிடையாது, பார்த்துப் பார்த்துப் பிடித்த வீடு. பாய் தன் செல்போனையும் மாற்றிவிட்டார். எந்தப் பெட்டியிடமும் யாரும் அந்த வீட்டின் இடத்தைச் சொல்லவில்லை.

ஆனாலும் தினமும் மத்தியானம் பாய் சாப்பிட வந்ததும், கை கழுவுகிறாரோ இல்லையோ, முதலில் பிள்ளையின் கன்னத்தில் முத்தம் வைத்துப் பார்ப்பார். பர்ஹத்துக்கு அது பாசம். எதற்கென்று யாஸ்மினுக்கும், அவள் சொல்லி எனக்கும் மட்டும்தான் தெரியும். இத்தனை மாசமும் ஒன்றும் இல்லை. பால் வாசம், பவுடர் வாசம், அவ்வளவுதான்.

இன்றைக்கு சாயந்திரம் நான் இங்கே வேலைக்குக் கிளம்பும்போது யாஸ்மின் போன் பண்ணினாள். அழுதுகொண்டே பேசினாள்.

இன்றைக்குக் கரித்ததாம்.