நாற்பத்தொரு வினாடி காத்திருந்தவர்

மேடையில் இருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, போதகர் ஐயா அவர்களே, அக்காவைத் தினமும் எங்களுக்கு விட்டுக்கொடுத்த அவருடைய கணவரே, தங்கையே, வார்டுச் செவிலியர்களே, சக்கர நாற்காலிகளிலும் கைத்தடிகளோடும் முன்வரிசைக்கு வந்திருக்கும் எங்கள் பழைய நோயாளிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மேடைப் பேச்சு எனக்கு வராது. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருபத்துநான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். ஆனாலும் நான் பேச வேண்டிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, நான் ஜெபம் செய்கிறவளும் இல்லை. என்னைப் போய் ஜெபத்தாலேயே வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அக்கா இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்.

எக்ஸ்சேஞ்ச் அக்கா! வேறு பெயரில் அவரை இங்கே யாருக்குத் தெரியும்? தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டுகள் இணைப்புக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். காலை பத்து மணிக்கு மடக்கு ஸ்டூலோடு எங்கள் வார்டுக்குள் நுழைவார். கட்டில் கட்டிலாக, "ஜெபம் பண்ணட்டுங்களா?" என்று கேட்பார். தலையாட்டினால்தான் ஸ்டூல் விரியும். வேண்டாம் என்று கைகாட்டினால், "சரிங்க, தண்ணியாவது குடிங்க" என்று டம்ளரை நிரப்பி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்.

ஒன்றை இந்தச் சபையில் சொல்லியே ஆக வேண்டும். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, அக்காவை வார்டுக்குள் விடக் கூடாது என்று எழுத்தில் புகார் கொடுத்தவள் நான். நோயாளிகளுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்கிறார் என்று எழுதினேன். கண்காணிப்பாளர் ஐயா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அக்கா கோபப்பட்டாரா? வாதாடினாரா? "மேடம் பயப்படுறது நியாயந்தாங்க. அவங்களே பக்கத்துல உக்காந்து பார்க்கட்டும். தப்புன்னா நாளைக்கே ஸ்டூலைத் தூக்கிட்டுப் போயிடறேன்" என்றார். இரண்டு வாரம் நான் பார்க்க வேண்டும், அதன் பிறகு என் சொல்லே முடிவு என்று ஏற்பாடாயிற்று.

அப்போது நான்காம் கட்டிலில் ஒரு தையல்காரர் இருந்தார். வலது கை செயலிழந்துவிட்டது. வாயில் மிஞ்சியது "இல்ல, இல்ல" என்ற ஒரே சொல். பசிக்கிறதா என்றாலும் அதுதான், வலிக்கிறதா என்றாலும் அதுதான். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் எது கேட்டாலும் அதைத்தான் சொல்றாரு, இதுல புதுசா என்ன இருக்கு?" என்று அவர் மனைவி எங்களைச் சிரிக்கவைத்தார். சிரிப்பு அடங்கியதும் மெல்லச் சொன்னார்: "என் பேரை ஒரு தடவை சொல்லிட்டாருன்னா போதும்மா."

அக்கா ஸ்டூலை விரித்தார். "ஆண்டவரே, இவரோட கையையும் நாக்கையும் உம்ம கையில வைக்கிறோம். இவரை விட்டுப் போகாம பக்கத்துலயே இருக்கிற இவர் மனைவி..." என்று சொல்லி, பெயர் வர வேண்டிய இடத்தில் நிறுத்தினார்.

கையில் நிறுத்துகடிகாரத்தோடு நான் உட்கார்ந்திருந்தேன். உறவினர்கள் இரண்டு வினாடிதான் பொறுப்பார்கள், பிறகு அந்தச் சொல்லைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். பட்டம் வாங்கிய நான் பத்து வினாடி பொறுப்பேன். அக்கா காத்திருந்தது நாற்பத்தொரு வினாடி! கண்கள் மூடியிருந்தன. முகத்தில் அவசரமும் இல்லை, பரிதாபமும் இல்லை. சொல் வரவில்லை. "நாளைக்கு வரேங்க. ஆமென்" என்று எழுந்துவிட்டார்.

எட்டு நாள் இப்படியே போயிற்று. ஒன்பதாம் நாள், இருபத்தெட்டாவது வினாடியில், தையல்காரர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது. பாதி உடைந்துதான் வந்தது. அந்தம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தரம்! இன்னொரு தரம் சொல்லுங்க!" என்றார். சொன்னார்!

வார்டே அற்புதம் என்றது. நான் மட்டும் விளக்கம் சொன்னேன். தினமும் கேட்டுப் பழகிய வாக்கியத்தின் ஓட்டத்தில் தொலைந்த சொல் வருவது உண்டு, எங்கள் பாடத்திலேயே இருக்கிறது என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "உங்க பாடத்துலயே இருக்கா மேடம்? நல்லதாப் போச்சு. அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்றார்.

அன்று மாலையே புகாரைத் திரும்பப் பெற்றேன்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. மனிதர் அவ்வளவு நேரம் எப்படிக் காத்திருக்க முடியும்? கேட்டே விட்டேன்.

"முப்பது வருஷம் ஹெட்போனை மாட்டிக்கிட்டு லைன்ல காத்திருந்தவ மேடம் நான். அதைவிட அதிக வருஷமா, வாயைத் திறந்து பதிலே சொல்லாத ஒருத்தர்கிட்ட தினமும் காலையில பேசிட்டிருக்கேன். இந்தப் பாவப்பட்ட மனுஷங்க எல்லாம் எவ்வளவோ சீக்கிரம்!"

"பதில் வராமலா பேசறீங்க?"

"அந்தப் பக்கம் ஆள் இருக்காருன்னு தெரியும். அது தெரிஞ்சா லைனைக் கட் பண்ண மனசு வருமா?"

இதுதான் அவருடைய ஜெபம். அந்தப் பலத்தை வைத்துத்தான் அவர் எங்கள் நோயாளிகளுக்கு எதிரே உட்கார்ந்தார். கடவுளுக்கு முன் பொறுமையாக இருக்கப் பழகியவருக்கு மனிதருக்கு முன் பொறுமை தானாக வந்தது. இதற்கு எந்தக் கல்லூரியில் வகுப்பு இருக்கிறது? எனக்கு யாரும் நடத்தவில்லை!

எல்லோருக்கும் பேச்சு திரும்பியதா? இல்லை. ஒரு லாரி ஓட்டுநருக்குப் பதினான்கு வாரம் ஜெபித்தார், ஒரு சொல்கூட வரவில்லை. "குணமாயிடுமா?" என்று மகள் அழுதபோது, "அதை நான் சொல்லக்கூடாது கண்ணு. உங்க அப்பாவை ஆண்டவர் தனியா விடமாட்டாரு, அதை மட்டும் அடிச்சுச் சொல்வேன்" என்றார். ஆனால் முதல் வாரம் தட்டை வீசியெறிந்த அந்த மனிதர், கடைசி வாரங்களில் பத்து மணியானால் நல்ல கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி வைத்திருப்பார். நிம்மதியாகத் தூங்கினார், சாப்பிட்டார், மகளைப் பார்த்துச் சிரித்தார். இதற்குக் குணம் என்று பெயர் வைக்கலாமா என்று பல நாள் யோசித்தேன். வைக்கலாம் என்றே இன்று நினைக்கிறேன்.

போன மாதம் அக்காவே ஆறாம் கட்டிலுக்கு வந்தார். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. அத்தனை பேருக்காகவும் ஜெபித்த வாய் அது! அவருடைய தங்கை அந்த மடக்கு ஸ்டூலை என் கையில் கொடுத்தார். நான் என்ன செய்வது?

விரித்து உட்கார்ந்தேன். பதினோரு ஆண்டுகள் பக்கத்தில் இருந்து கேட்ட ஜெபம், வரிக்கு வரி தெரியும். கடைசியில் எப்போதும் எனக்காக ஒரு வரி வைத்திருப்பார்: "நம்பாமலே நம்மளோட உக்காந்திருக்கிற இந்த மேடத்தையும் ஆசீர்வதியும்." சொல்லிக்கொண்டே வந்து, "நம்பாமலே நம்மளோட உக்காந்திருக்கிற இந்த..." என்று நிறுத்தினேன். எத்தனை வினாடி என்று கேட்காதீர்கள். அன்று நான் கடிகாரம் பார்க்கவில்லை.

"தங்கச்சி" என்றார் அக்கா, என்னைப் பார்த்து.

என் தொழில் விதிப்படி, எதிர்பார்த்த சொல்லுக்குப் பதில் வேறு சொல் வந்தால் பிழை என்று குறிக்க வேண்டும். நான் சரி என்று எழுதினேன். எட்டு நாள் கழித்து இரண்டாவது தாக்குதல் அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்தத் தாள் கோப்பில் அப்படியே இருக்கிறது. அந்தக் குறிப்பை நான் திருத்தப்போவதில்லை!

நண்பர்களே, வேலை நிற்காது. திங்கட்கிழமை பத்து மணிக்கு ஸ்டூல் விரியும். ஜெபிக்கப் போதகர் ஐயா சபையிலிருந்து இரண்டு பேரை அனுப்புகிறார். காத்திருக்க அவர்களுக்கு நான் கற்றுக்கொடுப்பேன். அக்காவிடம் நேரடியாகப் பாடம் கேட்டவள் என்ற பெருமையோடு கற்றுக்கொடுப்பேன்.

முன்வரிசையில் இருப்பவர்களே, கடைசி வரி உங்களுக்கு. அவர் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்கு எப்போது வருகிறதோ அப்போது சொல்லுங்கள். யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம். நான் லைனில் இருக்கிறேன்.

ஆண்டவரே, எங்களை விட்டுப் போகாமல் இத்தனை வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எங்கள்...