எலும்பை எரித்த காற்று

மணி பதினொன்றரை இருக்கும். ஏரிக்கரைச் சாலை. விளக்கு கிடையாது, வீடு கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் புதர். அந்தச் சாலையில் ஒரு பைக் போனது. டப்… டப்… டப்… சத்தம் தேய்ந்துகொண்டே போய், சட்டென்று நின்றது. போனவன் வீடு வந்து சேரவில்லை. பைக்கும் கிடைக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருப்பவர் கதவைச் சாத்திவிடுங்கள், கொசு வருகிறது. கொசுவுக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்கும் இல்லை.

போனவன் யாரோ எவரோ அல்ல. நம் லாரிக்காரரின் மச்சான். ராத்திரி முழுக்கக் காட்டு வழியில் ஒற்றை ஆளாக வண்டி ஓட்டுகிற அந்த லாரிக்கார மனுஷன், மாமியார் வீட்டில் மட்டும் இருட்டிய பிறகு ஒரு நிமிஷம் இருக்க மாட்டார். சாப்பாடு சரியில்லை என்று வெளியே சொல்லிக்கொள்வார். அந்த அம்மாவின் கைப்பக்குவம் தெரிந்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். உண்மையான காரணம் அவருடைய கொழுந்தியாள். இது அவளுக்கு நடந்தது. அவள் அக்காவிடம் சொல்லி, அக்கா புருஷனிடம் சொல்லி, அவர் ஒரு மழை நாளில் என்னிடம் உளறிவிட்டார்.

காணாமல் போனது அவளுடைய அண்ணன். பைக் மெக்கானிக். சிரித்த முகம், சளி கட்டிய நெஞ்சு. வருஷங்கள் ஓடின. ஊர் வாய் ஆளுக்கொன்று சொன்னது. அம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வருவான் என்பாள், அவ்வளவுதான். யாராவது அவனைப் பற்றி ‘நல்ல பையனா இருந்தான்’ என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் அம்மாவின் உடம்பில் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் மிச்சம் இருந்தவள் மகள் ஒருத்தி, இந்தக் கொழுந்தியாள். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

அவளுக்கு வேலை, பழைய பொருள்களுக்கு வயது சொல்லும் ஆய்வுக்கூடத்தில். விஷயம் இதுதான். உயிரோடு இருக்கிற மரமோ மாடோ மனுஷனோ, கதிர் வீசுகிற ஒருவகைக் கார்பனைக் கொஞ்சம் உடம்பில் சேர்த்துக்கொண்டே இருக்கும். செத்தால் சேர்ப்பது நின்றுபோகும். உள்ளே இருப்பது மெல்ல மெல்லக் குறையும். மிச்சத்தை எண்ணினால், செத்து எத்தனை காலம் என்று தெரிந்துவிடும்.

எலும்பு வந்தால் அமிலத்தில் ஊறவைப்பாள். காரத்தில் கழுவுவாள். மறுபடி அமிலம். மண்ணின் கறை எல்லாம் போய், பசை மாதிரி ஒன்று மிஞ்சும். அதை உலர்த்தி, குழாய்க்குள் வைத்து எரிப்பாள். எலும்பு காற்றாகிவிடும். அந்தக் காற்றை உறையவைத்துப் பிடித்து, சுத்தம் செய்து, எஃகுக் குப்பியில் அடைத்து அலமாரியில் வைப்பாள். உடனே எண்ண முடியாது. மண்ணிலிருந்து ரேடான் என்று வேறொரு வாயு ஒட்டிக்கொண்டு வரும். அதுவும் கதிர் வீசும். அது அடங்குகிறவரை சில வாரங்கள் குப்பி காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எண்ணும் கருவி. சுற்றிலும் ஈயச் சுவர். உள்ளே ஒரு கதிர் தெறித்தால் வெளியே ஒலிபெருக்கியில் ஒரு சத்தம்… டிக்.

புது எலும்புக்கு நிறைய டிக். பழைய எலும்புக்குக் குறைவு. நிலக்கரி இருக்கிறதே, மனுஷன் பிறப்பதற்கு முன்னே செத்த மரம் அது. அதை எரித்த காற்றில் எண்ண எதுவுமே இருக்காது. கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கரிக்காற்று அடைத்த குப்பிகளும் அலமாரியில் எப்போதும் வரிசையாக நிற்கும்.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் சந்தேகப் பேர்வழி. எந்த முடிவைக் கொண்டுபோனாலும் மறுபடி எண்ணு என்பார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரை ‘மறுபடி’ என்றுதான் சொல்வார்கள்.

ஒருநாள் ஒரு எலும்புத் துண்டு வந்தது. ஏரிக்கரையில் பழைய இடுகாடு ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற எலும்புகளெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழசு. இது மட்டும் கொஞ்சம் தள்ளி, ஆழமில்லாமல் கிடந்ததாம். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா, பிற்பாடு வந்ததா என்று கேட்டிருந்தார்கள்.

ஏரிக்கரை என்றதுமே அவளுக்கு அண்ணன் போன சாலை நினைவுக்கு வந்துவிட்டது. முறைப்படி அவள் தலைவரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எலும்பை வேறு யாரும் தொடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. பழசாக இருக்கட்டும், கடவுளே, பழசாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அமிலத்தில் போட்டாள். சுர்ர்ர்… என்று நுரைத்தது. வழக்கமாக மூக்கை அரிக்கும் நெடிதான் வரும். அன்றைக்கு வந்தது கிரீஸ் வாசனை. அதற்கு மேலே எலுமிச்சை சோப்பு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கை கழுவினால் வருமே… அது.

மனப்பிரமை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். எரித்தாள். அடைத்தாள். அலமாரியில் வைத்தாள்.

ஒவ்வொரு குப்பியின் தலையிலும் அழுத்தம் காட்டும் முள் ஒன்று உண்டு. வைத்த இடத்தில் அசையாமல் நிற்கும். இந்தக் குப்பியின் முள் மட்டும் மெல்ல ஏறியது… கொஞ்சம் நின்றது… இறங்கியது. மறுபடி ஏறியது. ஏசி காற்று படுகிறது என்றாள் பக்கத்து மேசைக்காரி. பக்கத்துக் குப்பிகளுக்கும் அதே ஏசிதானே? யாரும் இல்லாத நேரத்தில் இவள் போய் நின்று பார்ப்பாள். ஏறும்போது ஒரு திணறல் இருந்தது. சளி கட்டிய நெஞ்சு மாதிரி. அதைப் பார்த்த பிறகு அவளுக்கு எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

ஆனால் கருவி எண்ணுமே. எண்ணினால் புது எலும்பு என்று ஊருக்கே தெரியும். போலீஸ் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு அம்மா இருக்க மாட்டாள்.

குப்பியை எண்ணும் நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், அவள் மட்டும் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். எலும்புக் குப்பியின் சீட்டை உரித்து ஒரு கரிக்குப்பியில் ஒட்டினாள். நாளை எண்ணும்போது கருவி வாயைத் திறக்காது. எண்ண முடியாத அளவுக்குப் பழசு என்று எழுதிவிடுவார்கள். விஷயம் முடிந்துவிடும்.

எலும்புக் குப்பியை என்ன செய்வது? அலமாரியில் விட்டால் என்றைக்காவது யாராவது எண்ணுவார்கள். பம்பு போட்டு வெளியேற்றலாம், ஆனால் விடுமுறை நாளில் பம்பு சத்தம் கேட்டால் காவலாளி வருவார். அதனால் குப்பியை ஜன்னலோரம் கொண்டுபோனாள். “அண்ணா, மன்னிச்சிடு” என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குப்பியின் வாயைத் திருகினாள்.

ஸ்ஸ்ஸ்ஸ்…

நீளமாகப் போனது. அவள் நினைத்ததைவிட நீளமாக. கண் இருட்டிக்கொண்டு வந்தது. தாங்க முடியாமல் ஆவென்று வாய் பிளந்து ஒரு மூச்சு இழுத்தாள். குளிர்ச்சியாக உள்ளே இறங்கியது. சத்தம் நின்றது. முள் பூஜ்யத்தில் விழுந்து, அதற்குப் பிறகு அசையவே இல்லை.

மறுநாள் காலையில் ‘மறுபடி’ தன் கையாலேயே அந்தக் கரிக்காற்றை, எலும்புக் காற்று என்று நினைத்து, கருவியில் நிரப்பினார். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

டிக். டிக். டிக் டிக் டிக்…

பொரிகிற மாதிரி விழுந்தது. அவர் புருவத்தைத் தூக்கினார். அணுகுண்டு சோதனைகள் காற்றில் இந்தக் கார்பனைக் கூட்டிவிட்ட பிறகு வாழ்ந்த ஆள்களின் எலும்பில்தான் இத்தனை இருக்கும், இது நேற்றைய எலும்பு என்றார். உள்ளே இருப்பது கரி. அவளுக்குத் தெரியும்… அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அங்கே நிற்க முடியாமல் வராந்தாவுக்கு ஓடினாள். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சத்தம் நின்றிருந்தது. தலைவர் கருவியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிம்மதியாகக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

டிக் டிக் டிக் டிக்…

காலை எடுத்தாள். நிசப்தம். வைத்தாள். டிக் டிக் டிக்… அத்தனை தடிமன் ஈயத்தையும் தாண்டி, கருவி அவளை எண்ணிக்கொண்டிருந்தது. தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. கருவி பழுதாகிவிட்டது, இந்த எண்ணிக்கையை நம்ப முடியாது, வேறு துண்டு அனுப்பச் சொல்லலாம் என்று தனக்குள் பேசிக்கொண்டார்.

“மறுபடி எண்ண வேணாம் சார்” என்றாள் அவள். குரல் கரகரத்தது. அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“சளி பிடிச்சிருக்கா? வீட்டுக்குப் போம்மா” என்றார்.

போனாள். அன்றைக்கு அம்மா வயிறாரச் சாப்பிட்டாள். ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தபடி பாய் விரித்தாள். பார்க்கப் பார்க்க மகளுக்கு அழுகை முட்டியது. இனிமேலும் மறைத்தால் நெஞ்சு வெடித்துவிடும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தாள்.

“அம்மா… அண்ணனைப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

இருட்டில் அம்மாவின் கை அவள் நெஞ்சைத் தேடி வந்தது. பட்டதும் மெதுவாகத் தட்டிக்கொடுத்தது.

“சத்தம் போடாதடி” என்றாள் அம்மா. “இப்பத்தான் தூங்குறான்.”

சொன்ன கையோடு அம்மாவே தூங்கிப்போனாள். அவன் போன நாளிலிருந்து அவள் அப்படித் தூங்கியதே இல்லை. கை மட்டும் மகளின் நெஞ்சில் வைத்த இடத்திலேயே இருந்தது. மகள் மூச்சை அடக்கிக்கொண்டாள். பல்லைக் கடித்து, மூக்கைப் பொத்தி, அசையாமல் கிடந்தாள்.

அம்மாவின் கை மெல்ல மேலே போனது… கொஞ்சம் நின்றது… கீழே இறங்கியது… மறுபடி மேலே போனது.