கீறல் விழாத லென்ஸ்

எதையும் சட்டென்று தூக்கிப் போட எனக்கு மனசு வராது, ஐயா. வீட்டில் மின்விசிறி சத்தம் போட்டால்கூட எண்ணெய் விட்டுத்தான் பார்ப்பேன். கீழே விழுந்த அந்த லென்ஸ் விஷயத்திலும் அதைத்தான் சொன்னேன்.

எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பது என் தம்பி. விளக்குப் பிடிப்பதும், வயர் சுருட்டுவதும், அவன் பின்னால் நிற்பதும் நான். பின்னால் நிற்பதும் ஒரு வேலைதான். கேமராவில் கண்ணை வைத்துவிட்டால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. கூட்டம் படத்துக்குள் அடங்கும்வரை பின்வாங்கிக்கொண்டே இருப்பான். படியும் தெரியாது, பள்ளமும் தெரியாது. அதனால் அவன் முதுகில் என் உள்ளங்கை இருக்கும். அழுத்தினால் நின்றுவிடுவான். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

வெளியூரில் பெரிய வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்று அவன் சொன்ன வாரம்தான் லென்ஸ் விழுந்தது. "நீ என்னண்ணே பண்ணுவ?" என்று ஒரு வார்த்தை கேட்பான் என்று பார்த்தேன். கேட்கவில்லை. "லைட்டெல்லாம் நீயே வச்சுக்கண்ணே" என்றான், ஏதோ தானம் செய்கிறவன் மாதிரி. வயிறு எரிந்தது, மறைப்பானேன். அவன் போய்விட்டால் இந்தக் கையை நான் எங்கே வைத்துக்கொள்வது?

பழுது பார்ப்பவர் லென்ஸைக் காதருகே வைத்துக் குலுக்கினார். "கண்ணாடி தப்பிச்சிருச்சு. ஜூம்தான் பாதியில சிக்குது. சரி பண்ணாலும் அகலமா காட்டாது. கூட்டத்த எடுக்கணும்னா ரொம்பப் பின்னால போகணும். பேசாம வேற வாங்கிடுங்க."

தம்பியும் மாற்றிவிடலாம் என்றான். நான்தான் விடவில்லை. "போற வரைக்கும் இது போதாதாடா? விழுந்துட்டா உடனே தூக்கிப் போட்டுடுவியா?" என்றேன்.

"உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்று சிரித்தான். பழுது பார்த்தே வாங்கினோம்.

கடைசி வேலை, கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில். வேலை செய்தவர்கள் எல்லோரும் வரிசையாக நிற்க ஒரு படம். ஓரத்தில் சுவர் இன்னும் எழும்பவில்லை. "அண்ணே, பின்னால பாத்துக்க" என்றான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். லென்ஸுக்குள் கூட்டம் அடங்கவில்லை. பின்வாங்கினான், மறுபடியும் பின்வாங்கினான்.

"ரெண்டு ஓரமும் வெட்டுதுண்ணே. எடம் இருக்கா?"

"இருக்கு, வா" என்றேன். கையை எடுத்துக்கொண்டு விலகி நின்றேன்.

எதிரே அத்தனை பேர் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தபடி கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளவில்லை, ஐயா. ஒரு விரல்கூடப் படவில்லை.

வேறு என்ன செய்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். முதலில் அந்த லென்ஸை மேசையிலிருந்து தட்டிவிட்டதும் நான்தான். அது உடைந்துபோனால் அவன் போகமாட்டான் என்று ஒரு அசட்டு நம்பிக்கை. அது உடையவும் இல்லை, அவன் மனசு மாறவும் இல்லை. எனக்கு வழி தெரியவில்லை.

கீழே ஓடினேன். கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி கிடந்தான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, லென்ஸை என் சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னது சரிதானே, ஐயா?