உடனே பதில் போட்டவன்

ஜெலுத்தோங் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“அவன் உன்னவிட நல்ல பிள்ளடி,” என்றார் அம்மா. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

“ஐயோ, அவன் திருடன்மா! நான்தான்னு சொல்லி, புது நம்பர்லேர்ந்து மெசேஜ் போட்டிருக்கான். என் பழைய போன் தொலைஞ்சதுலேர்ந்து யூனி இமெயிலைத் திறக்கிற கோட் உன் போனுக்குத்தானே வருது? அதைக் கொடுத்திருந்தா என் அசைன்மெண்ட் எல்லாம் போயிருக்கும் லா.”

“கொடுக்கலையே.”

“நான் இல்லன்னு எப்படிம்மா கண்டுபிடிச்ச?”

“சாப்பிட்டியான்னு கேட்டேன். உடனே பதில் போட்டான். ‘நீங்க சாப்பிட்டீங்களாம்மா’ன்னு வேற கேட்டான். நீ என்னிக்குடி அப்படிக் கேட்டிருக்க?”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு போனில் ஏதோ தட்டினாள். அம்மாவின் கைப்பைக்குள் மணி அடித்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“‘சாப்பிட்டியாம்மா’ன்னு வந்திருக்கு. உன் நம்பர்தான்.”

பிறகு போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“இருந்தாலும் கோட் கேட்டா கொடுக்க மாட்டேன்.”